கடிதம் எழுதுவோர்க்கு என்ன பரிசு?

பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு, ஊருக்குப் புறப்படும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுவதுண்டு. யாருக்கு என்ன வாங்கிச் செல்வது என்பதே அது. கொல்கத்தாவில் வாழ்வோர் பருத்திச் சேலை வாங்குவர். தில்லியில் வாழ்வோர் கம்பளிப் போர்வை வாங்குவர். மும்பையில் வாழ்வோர் இனிப்புப் பெட்டியைச் சுமந்து செல்வர். ஆனால் உறவினருள் ஒருவர் கடிதம் எழுதுவதில் பெருவிருப்பம் உடையவராக இருந்தால் அவருக்கு எதைக் கொடுப்பது? ஒரு பேனா என்று எளிதாக விடை சொல்லிவிடலாம். எந்தப் பேனா, எந்தத் தாள், எந்த மை என்று கேட்கத் தொடங்கினால், விடை இந்நாட்டின் வரலாற்றுக்குள் நம்மை நெடுந்தூரம் அழைத்துச் சென்றுவிடும்.

முதலில் ஒரு சிறு பென்சிலின் கதையைக் காண்போம். 1915ஆம் ஆண்டு ஏப்ரலில் காந்தியடிகள் சென்னைக்கு வந்து, பதிப்பாளர் ஜி. ஏ. நடேசனின் இல்லத்தில் தங்கியிருந்தார். அவ்வாண்டு டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு பம்பாயில் கூடியது. அங்கே ஒருநாள் அடிகள் எதையோ பரபரப்புடன் தேடிக்கொண்டிருந்ததைக் காகா காலேல்கர் கண்டார். தேடியது ஒரு சிறு பென்சில் துண்டு. தம்மிடம் இருந்த பென்சிலைக் காலேல்கர் நீட்டியும் அடிகள் பெற்றுக்கொள்ளவில்லை. தேடிய பொருள் இறுதியில் கிடைத்தபோது அதன் நீளம் இரண்டு அங்குலங்கூட இல்லையாம்! சென்னையில் நடேசனின் இளமகன் அன்போடு கொடுத்த பென்சில் அது. அதை இழக்க அவருக்கு மனம் வரவில்லை. இந்நிகழ்ச்சியைக் காலேல்கரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்துள்ளார்.

எழுதுவோர்க்குக் கொடுக்கும் பரிசு எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதை இக்கதை நன்கு உணர்த்துகிறது. அச்சிறுவன் கொடுத்தது விலையுயர்ந்த பொருளன்று. ஆனால் அது பேழையில் பூட்டி வைக்கப்படவில்லை; எழுதி எழுதித் தேய்ந்தது. எழுதுபொருளுக்கு அதனினும் சிறந்த வாழ்வு வேறு இல்லை.

நம் முன்னோர் கடிதத்துக்கு வழங்கிய பெயர்களே எழுதுபொருளின் வரலாற்றைச் சொல்கின்றன. ஓலை, மடல், முடங்கல், திருமுகம் என்பன பழைய பெயர்கள். ஓலையும் மடலும் பனையைச் சார்ந்தவை. சுருட்டி அனுப்பியதால் முடங்கல் ஆயிற்று. பெரியோர் விடுத்தது திருமுகம் எனப்பட்டது. பின்னர்ப் பாரசீகத்திலிருந்து காகிதம் என்னும் சொல் வந்தது. போர்ச்சுக்கீசியரிடமிருந்து கடுதாசி என்பதும் பேனா என்பதும் வந்தன. மை என்பது நம் சொல். தாள் என்பதும் நம் சொல்லே. நெல்லின் தண்டைக் குறித்த அச்சொல், எழுதும் ஏட்டையும் குறிக்கலாயிற்று. ஒரு கடிதத்தைக் கையில் எடுத்து இச்சொற்களை எண்ணிப் பார்த்தால், எத்தனை நாட்டு வணிகர் நம் கடற்கரையில் இறங்கினர் என்பது புலனாகும்.

ஓலையில் எழுதுவது எளிய செயலன்று. பனையோலையைப் பதமறிந்து வெட்டி, வேகவைத்து, உலர்த்தி, வழவழப்பாக்கி, ஓரம் நறுக்கி அளவு செய்தல் வேண்டும். எழுத்தாணி இரும்பால் ஆனது. அது மை தீட்டுவதில்லை, கீறுகிறது. கீறிய பின் விளக்குக்கரியும் இலைச்சாறும் தடவித் துடைத்தால், கீறல்களில் மட்டும் கருமை தங்கி எழுத்துத் தெளிவாகத் தோன்றும். இங்கே ஓர் உண்மையை மனத்திற் கொள்வோம். ஓலையில் எழுத்தைக் காத்தது கரி. கரி வெயிலில் வெளுப்பதில்லை, நீரில் கரைவதுமில்லை. ஓலையைச் செல்லும் பூச்சியும் அரிக்கலாமே அன்றி எழுத்து மங்கி மறைவதில்லை. நடேசனின் மகன் கொடுத்த பென்சிலின் உள்ளிருந்த கிராஃபைட்டும் கரியின் ஒரு வடிவமே ஆகும்.

தாள் செய்யும் கலை நம் நாட்டில் வேரூன்றிய வரலாறு, இன்று நம்மவர் வாழும் பல ஊர்களோடு தொடர்புடையது. பதினைந்தாம் நூற்றாண்டில் காசுமீரத்தை ஆண்ட சைனுல் ஆபிதீன் என்னும் சுல்தான், சமர்க்கந்திலிருந்து தாள் செய்யும் கலைஞரை வரவழைத்துக் குடியமர்த்தினார் என்பர். காசுமீரத் தாள் அதன் வழவழப்பால் புகழ் பெற்றது. மகாராட்டிரத்தில் தௌலதாபாத்துக் கோட்டைக்கு அருகில் காகசிபுரா என்றே ஓர் ஊர் உள்ளது. செய்ப்பூரை அடுத்த சாங்கானேரிலும், உத்தரப் பிரதேசத்தில் யமுனைக் கரையிலுள்ள கால்பியிலும் இக்கைத்தொழில் இன்றும் உயிரோடிருக்கிறது. அக்குடும்பத்தாரின் பட்டப்பெயர் காகசி என்பது. அதே பாரசீகச் சொல்லைத் தாங்கிய காகிதபுரம் என்னும் ஊர் நம் கரூர் மாவட்டத்திலும் உண்டு. அங்கே தமிழ்நாடு அரசின் ஆலை, கரும்பு பிழிந்த சக்கையிலிருந்து தாள் செய்கிறது. தௌலதாபாத்தின் காகசிபுராவும் கரூரின் காகிதபுரமும் பெயரால் உடன்பிறந்தவை என்பது எண்ணி மகிழத்தக்கது.

பழைய நாளில் தாள் கிடைப்பதே அரிதாக இருந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1713ஆம் ஆண்டில் தமிழ் எழுத்துகளைக் கொண்டு அச்சிடத் தொடங்கினார். செருமனியிலிருந்து வந்த எழுத்துகள் பெரியனவாய் இருந்தன. அவை தாளை விழுங்கின. தாள் தட்டுப்பாட்டால் சிறிய தமிழ் எழுத்துகளை அவ்விடத்திலேயே வார்க்க நேர்ந்தது. அச்செழுத்தின் உருவத்தையே தாளின் விலை மாற்றியது என்றால், கையால் எழுதுவோர் எத்துணைச் சிக்கனத்துடன் எழுதியிருப்பர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அச்சிக்கனத்துக்குத் தபால் கட்டணமும் காரணமாயிற்று. 1854ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியா முழுமைக்கும் ஒரே சீரான தபால்தலைகள் நடைமுறைக்கு வந்தன. தொலைவு எதுவாயினும், கால் தோலா எடைவரை கட்டணம் அரையணா. கால் தோலா என்பது ஏறத்தாழ மூன்று கிராம். இன்று அலுவலகங்களில் வழங்கும் ஏ-4 அளவுத் தாள் ஒன்றே ஐந்து கிராம் இருக்கிறது! ஆதலால் மெல்லிய தாளில், இரு புறமும், ஓரத்திலும் இடம் விடாமல் எழுதினர். 1879ஆம் ஆண்டில் காலணா விலையில் அஞ்சலட்டை வந்தபோது ஏழை எளியோரும் கடிதம் எழுதுவோர் ஆயினர். விடுதலைக்குப் பின் 1950ஆம் ஆண்டில் உள்நாட்டுக் கடிதம் என்னும் நீல மடிப்பு வந்தது. தாளும் உறையும் தலையும் ஒன்றாய் அமைந்த அம்மடிப்புக்கு வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்கள் பட்ட கடன் பெரிது. வேலை கிடைத்ததும், பெண் பார்த்ததும், பிள்ளை பிறந்ததும், பெரியவர் மறைந்ததும் அந்நீல மடிப்பின் மூன்று பக்கங்களுக்குள் அடங்கி வந்தன.

அவ்வாறு வந்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பன எத்தனை? எங்கள் இல்லத்துத் தகரப் பெட்டி ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் மழைக்காலத்தில் திறக்க நேர்ந்தது. நாற்பது ஆண்டுக் கடிதங்கள் அதனுள் கட்டாக இருந்தன. கூரை ஒழுகி நீர் புகுந்திருந்தது. கழுவினால் போகும் நீல மையால் எழுதப்பட்ட பக்கங்கள் வெறும் நீலக் கறையாகக் கிடந்தன. அவற்றுள் எங்கள் அன்னையார் புகுந்த வீட்டிலிருந்து தம் தாய்க்கு எழுதிய கடிதங்களும் இருந்தன. என்ன எழுதினார் என்பதை இனி ஒருவரும் அறிய இயலாது. ஆனால் எங்கள் பாட்டனார் தூரத்து நகரில் கணக்கெழுதும் வேலையிலிருந்தபோது பென்சிலால் எழுதிய அஞ்சலட்டைகள் ஓரெழுத்தும் கலையாமல் இருந்தன. விலை குறைந்த பென்சில் நின்றது. அழகிய நீல மை அழிந்தது. எழுதுபொருளைத் தேர்ந்தெடுப்பவர், கடிதத்தின் ஆயுளையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார் என்பதை அன்று நாங்கள் உணர்ந்தோம்.

கடிதங்கள் நிலைத்து நின்றால் விளையும் பயன் சிறிதன்று. உ. வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைப் போற்றிக் காத்தார். பாரிசு நகரிலிருந்து சூலியன் வின்சோன் என்னும் பேராசிரியர் எழுதிய கடிதங்களும் அவருக்கு வந்தன. அக்கடிதங்கள் அழிந்திருந்தால், பழந்தமிழ் நூல்கள் அச்சேறிய கதையில் பல பக்கங்கள் வெறுமையாக இருந்திருக்கும். வ. உ. சிதம்பரனாரும் காந்தியடிகளும் 1915, 1916ஆம் ஆண்டுகளில் எழுதிக்கொண்ட கடிதங்கள் இன்னொரு சான்று. தென்னாப்பிரிக்கத் தமிழர் வ. உ. சி.க்காகத் திரட்டிய பணத்தைப் பற்றியவை அவை. சிறை மீண்டு வறுமையில் வாடிய ஒரு பெருமகனுக்கு, கடல் கடந்து சென்ற எளிய தமிழர் நீட்டிய கையை அக்கடிதங்களே நமக்குக் காட்டுகின்றன. குடிபெயர்ந்தோர் வரலாற்றை அரசு ஏடுகள் முழுமையாகச் சொல்வதில்லை. அது பெரும்பாலும் கடிதங்களில்தான் வாழ்கிறது.

இனி மையின் கதைக்கு வருவோம். நம் வீடுகளில் முன்னாளில் கடுக்காயும் அன்னபேதியும் கொண்டு மை காய்ச்சினர். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் கூடி, காற்றுப் பட்டதும் கறுத்து, தாளின் இழையோடு ஒன்றிவிடும். நீரால் அதை எளிதில் கழுவ முடியாது. ஆனால் புளிப்பு மிகுந்தால் நாளடைவில் தாளையே அரித்துவிடும். விளக்குக்கரியைப் பிசினோடு குழைத்துச் செய்த கரிமைக்கு அந்தக் குறை இல்லை. பின்னர்ச் சாயத்தை நீரில் கரைத்த மைகள் புட்டியில் வந்தன. அவை பேனாவில் தங்குதடையின்றி ஓடும், கண்ணுக்கும் இனியவை. ஆயினும் அவற்றுள் பல வெயிலில் வெளுப்பவை, நீரில் கரைபவை.

புட்டி மை பெரும்பாலும் அயல்நாட்டிலிருந்து வந்த காலத்தில், சுதேசி மை செய்யும் முயற்சி நாட்டின் பல பகுதிகளில் எழுந்தது. பம்பாயின் கிர்காவில் தாண்டேகர் சகோதரர்கள் 1931ஆம் ஆண்டில் மைப்பொடியும் மைவில்லையும் செய்யத் தொடங்கினர். பின்னாளில் ஒட்டக முத்திரையுடன் பள்ளிதோறும் பரவிய பொருள்களுக்கு அதுவே தொடக்கம். வங்காளத்தில் மைத்ரா சகோதரர்கள் 1934ஆம் ஆண்டில் சுலேகா என்னும் மையைச் செய்யலாயினர். அயல்நாட்டு மையைத் தொடாமல் எழுத விரும்பிய காந்தியடிகளின் வேண்டுகோள், வேதியியல் அறிஞர் சதீஷ் சந்திர தாஸ்குப்தாவின் வழியாக அச்சகோதரரை எட்டியது என்பது அம்மையின் வரலாறு. சுலேகா என்றால் அழகிய எழுத்து என்று பொருள். கொல்கத்தாவில் யாதவபுரம் வழியே செல்லும் நம்மவர், அப்பெயரால் வழங்கும் சாலைச் சந்திப்பைக் கடந்திருப்பர். அவ்வாலை 1980களின் இறுதியில் மூடப்பட்டு, பின் மீண்டும் திறக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டில் அதன் பேனா மைகள் புதிதாய்க் கடைக்கு வந்தன.

பேனாவின் கதை இதனினும் சுவையுடையது. சென்னையிலிருந்து ஹௌராவுக்குச் செல்லும் தொடர்வண்டி கோதாவரியின் நெடும் பாலத்தைக் கடக்கும் இடம் ராஜமுந்திரி. இன்று அதன் பெயர் ராஜமகேந்திரவரம். எத்தனை முறை நாம் அவ்வூரைக் கடந்திருப்போம்! சன்னல் வழியே ஆற்றில் காசு எறிந்துவிட்டுத் திரும்பும் நமக்கு, அவ்வூர்தான் இந்தியப் பேனாவின் பிறப்பிடங்களுள் ஒன்று என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. அங்கே கே. வி. ரத்தினம் என்னும் பொற்கொல்லர், காந்தியடிகளின் சொல்லைக் கேட்டுச் சுதேசிப் பேனா செய்ய முற்பட்டார். 1932ஆம் ஆண்டில் அவர் பட்டறை தொழிலில் இறங்கியது. எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய இரப்பர். அதைக் கடைசல் பிடித்து உடலும் மூடியும் செய்தனர். அவர் செய்த பேனா 1935ஆம் ஆண்டில் அடிகளின் கைக்குச் சேர்ந்தது. அடிகள் அதை எழுதிப் பார்த்தார்; கடைவீதியில் கிடைக்கும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு நல்ல மாற்றாக உள்ளது என்னும் கருத்துப்பட ரத்தினத்துக்கு வார்தாவிலிருந்து கடிதம் எழுதினார். பேனாவைக் கொடுத்தவருக்குக் கைம்மாறாகக் கிடைத்தது ஒரு கடிதம்! எழுதுபொருளைப் பரிசாகக் கொடுப்பவர் எதிர்பார்க்கத் தக்க கைம்மாறு அது ஒன்றே அன்றோ?

அப்பேனாவை அடிகளிடம் சேர்ப்பித்தவர் ஒரு தமிழர். தஞ்சையில் 1892ஆம் ஆண்டில் பிறந்த ஜே. சி. குமரப்பாவே அவர். இலண்டனிலும் அமெரிக்காவிலும் பயின்று, பம்பாயில் கணக்காய்வாளராகப் பொருளீட்டி வந்தவர், அவ்வாழ்வைத் துறந்து அடிகளைச் சார்ந்தார். 1934ஆம் ஆண்டு இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றியபோது வார்தாவில் இருந்து அதை நடத்தினார். எண்ணெய்ச் செக்கு, தேனீ வளர்ப்பு ஆகியவற்றோடு கையால் தாள் செய்யும் தொழிலையும் அச்சங்கம் தூக்கி நிறுத்தியது. ஆலைத் தாளின் போட்டியால் நலிந்திருந்த காகசிக் குடும்பங்களுக்கு அது புத்துயிர் அளித்தது. சாங்கானேரில் இன்று இயங்கும் தேசியக் கைத்தாள் நிறுவனம் குமரப்பாவின் பெயரைத் தாங்கியுள்ளது. இராசத்தானத்துப் பாலை வெளியில் ஒரு தஞ்சைத் தமிழரின் பெயர் தாளோடு இணைந்து நிற்பது, வெளிமாநிலத்தில் வாழும் நமக்குப் பெருமை தருவதாகும்.

பின்னர்க் குமிழ்முனைப் பேனா மலிந்தது. அடுத்துத் தொலைபேசி வந்தது. இப்போது கைப்பேசி ஆள்கிறது. ஒரு நொடியில் குரலையும் முகத்தையும் கொண்டுவரும் கருவியை நாம் பழிக்கப் போவதில்லை. வயது முதிர்ந்த தாயின் முகத்தை நாள்தோறும் காண்பது பெரும்பேறே. ஆனால் அக்கருவி உடைந்தால் அதனுள் இருந்த சொற்களும் பெரும்பாலும் மறைகின்றன. மேலும் ஓர் இழப்பு நம்மைப் போன்ற குடும்பங்களில் அமைதியாக நிகழ்கிறது. வெளிமாநிலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர், பேச்சைப் புரிந்துகொள்கின்றனர், எழுத மட்டும் அறியார். ஊரில் உள்ள பாட்டிக்குத் தமிழைத் தவிர வேறு எழுத்துத் தெரியாது. இருவருக்கும் இடையே எழுத்தால் செல்லும் வழி அடைந்துபோகிறது. ஆகவே எழுதுபொருளைப் பரிசாகத் தேர்வது இந்நாளில் வெறும் கடைவீதிப் பணியன்று.

எவ்வாறு தேர்வது? இதுகாறும் கண்ட வரலாற்றிலிருந்தே சில நெறிகளைப் பெறலாம்.

தாளை முதலில் நோக்குவோம். தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். என்னும் அளவால் குறிப்பர். ஒரு சதுர மீட்டர்த் தாள் எத்தனை கிராம் என்பதே அதன் பொருள். அலுவலகத் தாள் 70 முதல் 80 வரை இருக்கும். மைப்பேனாவால் இருபுறமும் எழுத 90 முதல் 120 வரை உள்ள தாள் ஏற்றது. அதனினும் கனத்த தாள் மடிக்க முரண்டும், எடையும் கூடும். கடிதக் கட்டணத்தின் முதற்படி 20 கிராம் என்பதை மறத்தலாகாது. ஆனால் கனம் மட்டுமே தரமாகாது. கடையில் ஒரு தாளைக் கேட்டு வாங்கி, மைப்பேனாவால் நம் பெயரை எழுதிப் பார்க்க வேண்டும். எழுத்தின் ஓரம் வேர்விட்டாற்போல் பரவினாலும், மை மறுபுறம் ஊறினாலும் அத்தாள் கடிதத்துக்கு ஆகாது. அமிலம் நீக்கிய தாளா என்று கேட்பது அதனினும் இன்றியமையாதது. அமிலம் மிகுந்த தாள் செய்தித்தாளைப் போல் மஞ்சளாகி, மடிப்பில் ஒடியும்.

பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்யும் கைத்தாள் நீடித்து உழைக்கும். சாங்கானேரிலும், 1959ஆம் ஆண்டு முதல் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் பட்டறையிலும் அத்தகைய தாள்கள் செய்யப்படுகின்றன. ஆயினும் ஓர் எச்சரிக்கை: பூவிதழும் புல்லும் பதித்த அழகுத் தாள்கள் வாழ்த்து அட்டைக்கு நல்லவை, எழுதும்போது பேனா முனை அவற்றில் தடுக்கி நிற்கும். எழுதுவோர்க்கு வழவழப்பாக மெருகிட்ட கைத்தாளையே கேட்டு வாங்குதல் வேண்டும்.

அடுத்து மை. பெறுபவர் கடிதங்களைப் போற்றி வைப்பவராயின், நீரில் கரையாத நிலைத்த மையைக் கொடுப்போம். புட்டியின் மேல் அவ்வாறு குறித்திருக்கும். வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு வரி எழுதி, ஒருநாள் உலரவிட்டு, ஒரு சொட்டு நீரை அதன்மேல் விட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஓவியர் பயன்படுத்தும் அரக்குக் கலந்த கரிய மையை மட்டும் மைப்பேனாவில் ஊற்றலாகாது. அது உள்ளே இறுகிப் பேனாவைக் கெடுத்துவிடும். நிலைத்த மையை ஊற்றும் பேனாவையும் நெடுநாள் எழுதாமல் உலரவிடலாகாது. அவ்வப்போது நீரால் கழுவுதல் வேண்டும்.

பேனாவைக் கைக்கேற்பத் தேர்வதே முறை. தமிழ் எழுத்தில் சுழிகள் மிகுதி. ணகரத்தின் சுழியும் இகரத்தின் வளைவும் தடித்த முனையால் எழுதினால் அடைந்துவிடும். ஆதலால் தமிழ் எழுதுவோர்க்குச் சன்னமான முனையோ நடுத்தர முனையோ பொருந்தும். முதியோரின் நடுங்கும் விரலுக்குக் கனம் குறைந்த, பருத்த உடலுள்ள பேனா இதமளிக்கும். இடக்கையால் எழுதுவோர்க்கு விரைவில் உலரும் மை தேவை. இல்லையேல் எழுதிய வரியை அவர் கையே அழித்துவிடும். சொட்டுக்குழாயால் மை நிரப்பும் எபோனைட் பேனாக்கள் நிறைய மை கொள்ளும். ராஜமகேந்திரவரத்திலும் நம் திருவள்ளூரிலும் இன்றும் கையால் கடைந்து செய்கின்றனர். ஆனால் மை குறையும்போது கைச்சூட்டால் உள்ளிருக்கும் காற்று விரிந்து, மையை வெளியே தள்ளும். ஆகவே பாதி தீர்ந்ததும் நிரப்பிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது கொடுப்பவர் கடமை. இவ்வளவு பேணுதற்கு இயலாதவர்க்கு மைப்பேனா சுமையாகிவிடும். நீரில் கரையாத நிறமிமை கொண்ட ஜெல் பேனாவும், நல்ல பென்சிலும் அவர்க்கு ஏற்ற பரிசுகளே. பாட்டனாரின் அஞ்சலட்டை இதற்குச் சான்று பகரும்.

தங்க முலாம் பூசிய பேனாவைப் பட்டுப்பெட்டியில் வைத்துக் கொடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. பணி ஓய்வு விழாக்களில் காண்கிறோம். பெற்றவர் அதை அலமாரியில் வைத்துவிட்டுக் கையொப்பத்துக்கு வேறு பேனாவைத் தேடுவார். எழுதுவதற்கு அஞ்ச வைக்கும் பொருள் எழுதுபொருளாகாது. காந்தியடிகள் 1909ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும் கப்பலில் தம் புகழ்பெற்ற நூலான இந்து சுயராச்சியத்தை எழுதினார். வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் எழுதினார். அவர் எழுதியது கப்பலில் பயணிகளுக்கு வைத்திருந்த சாதாரணக் கடிதத் தாளில்தான். கையருகே தாள் இருந்தது. ஆதலால் எழுத்தும் தடைப்படவில்லை.

இறுதியாக, நம் பிள்ளைகளுக்கு உரிய பரிசைச் சொல்லி முடிப்போம். சென்னை செல்லும் வண்டியில் நாம் சுமக்கும் பெட்டியில் பாட்டிக்கு ஒரு கட்டும், நம் வீட்டில் பேரப்பிள்ளைக்கு ஒரு கட்டும் ஆக இரண்டு கட்டுகள் செய்வோம். ஒவ்வொன்றிலும் கோடிட்ட நல்ல தாள் இருபது, கைக்கேற்ற ஒரு பேனா அல்லது பென்சில், உறைகள் பத்து, தபால்தலைகள் பத்து வைப்போம். உறைகள் அனைத்திலும் பெறுவோரின் முகவரியை ஆறு இலக்க எண்ணோடு முன்னரே எழுதிவிடுவோம். பிள்ளையின் கட்டில், தமிழ் நெடுங்கணக்கைப் பெரிய எழுத்தில் எழுதிய ஓர் அட்டையையும் சேர்ப்போம். முதற்கடிதத்தில் பிழை மலிந்திருக்கும். ஒற்று மிகும் இடத்தில் மிகாது, ரகரமும் றகரமும் இடம் மாறும். பாட்டி அதைப் பொருட்படுத்தமாட்டார். கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு இருமுறை படிப்பார். பிறகு தம் கட்டைப் பிரித்து, பத்து உறைகளுள் முதல் உறையை எடுத்துவைத்து, மறுமொழி எழுத உட்காருவார்.